பாக்கெட்டில் நீலம், பாத்தியில் ஐந்து நிறம்: டெல்ஃபினியம் வளர்ப்பவர்கள் வரவும்

ஹோவிக்வாசி (ஹோவிக்):
வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மிட்லண்ட்ஸ் பக்கம், நீளக் கதிராகப் பூக்கும் டெல்ஃபினியம் செடி வளர்க்கிறவர்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். மார்ச்சில் விதைத்தேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான நம் குளிர்காலம் முழுக்கத் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது, செப்டம்பரில் கிடுகிடுவென்று எழுந்தது, இப்போது நவம்பரில் ஆள் உயரத்துக்குக் கதிர் விட்டிருக்கிறது. வளர்ச்சியில் குறையே இல்லை. குறை நிறத்தில்தான். பாக்கெட்டில் 'பசிபிக் ஜயண்ட், சம்மர் ஸ்கைஸ்' என்று போட்டு வெளிர்நீலப் படமும் அச்சிட்டிருந்தார்கள். வெள்ளைச் சுவர் ஓரமாக வானநீலத்தில் ஒரே வரிசை நிற்க வேண்டும் என்பது என் திட்டம். வந்ததில் பாதிதான் வெளிர்நீலம். மற்றவை கத்தரிப்பூ நிறம், கருநீலம், நடுவில் ஒரு வெள்ளை, அப்புறம் என்ன நிறம் என்றே சொல்ல முடியாத மங்கிய ரோஜா ஒன்று. விதை விற்றவரிடம் கேட்டால் "உங்கள் மண்ணைப் பாருங்கள்" என்கிறார். மண்ணா காரணம், இல்லை பாக்கெட்டே பொய்யா?

கோத்தகிரிக்காரன் (மிட்ராண்ட்):
மண்ணாகத்தான் இருக்கும் அண்ணே. எங்கள் ஊரில் ஹைட்ராஞ்சியா வீட்டுக்கு வீடு உண்டு. ஒரே செடியின் கிளையை இரண்டு வீட்டில் நட்டால் ஒரு வீட்டில் நீலம், இன்னொரு வீட்டில் ரோஜா நிறம். நீலம் வர வேண்டும் என்று எங்கள் பாட்டி செடியடியில் துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்து வைப்பார். இங்கே அதே பூவைத்தானே கிறிஸ்மஸ் ரோஸ் என்கிறார்கள். அதை நீலமாக்க அலுமினியம் சல்ஃபேட் நர்சரிகளில் கிடைக்கிறது. கொஞ்சம் கரைத்து ஊற்றிப் பாருங்களேன்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார் (நார்த்டேல்):
தம்பி, வேண்டாம். ஹோவிக்வாசி ஐயா, பொட்டலத்தைக் கையில் எடுத்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஹைட்ராஞ்சியாவில் நடப்பது வேறு. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறும். பூவில் இருக்கும் டெல்ஃபினிடின் என்ற நிறமியோடு அது சேரும்போது நீலம் வருகிறது. அலுமினியம் கிடைக்காத மண்ணில் அதே நிறமி ரோஜா நிறமாகத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், அந்த நிறமிக்குப் பெயர் கொடுத்ததே டெல்ஃபினியம்தான். ஆனால் டெல்ஃபினியம் தன் நீலத்துக்கு அலுமினியத்தை எதிர்பார்ப்பதில்லை. டெல்ஃபினிடினோடு சர்க்கரை மூலக்கூறுகளையும் ஒருவகைக் கரிம அமிலத்தையும் தானே கோத்துக்கொள்கிறது. எத்தனை கோக்கிறது, இதழின் செல்சாறு எவ்வளவு அமிலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்து வானநீலமோ கருநீலமோ ஊதாவோ ஆகிறது. அதைத் தீர்மானிப்பது விதைக்குள் இருக்கும் மரபணு.

நம் மிட்லண்ட்ஸ் மண் இயல்பிலேயே அமிலம். இந்தச் செடிக்கு வேண்டியது நடுநிலைக்குப் பக்கம், அமில, கார அளவான பி.எச். 6.5 முதல் 7.5 வரை. அதற்காகத்தானே டோலமைட் சுண்ணாம்பு போடுகிறோம்? அதன் மேல் அலுமினியம் சல்ஃபேட்டை ஊற்றினால் சுண்ணாம்புக்குக் கொடுத்த காசும் போச்சு, வேரும் போச்சு. நிறம் மட்டும் அப்படியே இருக்கும்.

கோத்தகிரிக்காரன்:
சரி வாத்தியாரே, ஆணியையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கதிர்ப்பைத்தியம் (நாட்டிங்ஹாம் ரோடு):
'பசிபிக் ஜயண்ட்' என்று படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. 1930களில் கலிஃபோர்னியாவில் கேப்பிடோலா என்ற ஊரில் ஃபிராங்க் ரைனெல்ட் என்பவர் உண்டாக்கிய வரிசை அது. போஹீமியாவில் (இன்றைய செக் நாடு) பிறந்தவர், ருமேனிய மகாராணி மேரியிடம் தோட்டக்காரராக இருந்துவிட்டு அமெரிக்கா போனவர். பெரும்பாலானவற்றுக்கு ஆர்தர் ராஜா கதையிலிருந்து பெயர் வைத்தார்: பிளாக் நைட் என்றால் கரும் ஊதா, கிங் ஆர்தர் என்றால் நடுவில் வெள்ளைக் கண்ணோடு ஊதா, கலஹாட் முழு வெள்ளை, அஸ்டலாட் ரோஜா கலந்த இளம் ஊதா. உங்கள் சம்மர் ஸ்கைஸ் வெளிர்நீலம். அவர் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தாய்ச்செடிகளைத் தனியாகப் பிரித்து வைத்து, கையாலேயே மகரந்தம் தடவி விதை எடுத்தார்கள். அதனால் பெயர் சொன்ன நிறம் பெரும்பாலும் வந்தது.

அவருக்குப் பிறகு அந்தப் பெயர்கள் ஊர் சொத்தாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் வயலில் போட்டு, தேனீ பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டு, விதையை வாரிக் கட்டி 'சம்மர் ஸ்கைஸ்' என்று விற்கலாம். பக்கத்து வரிசையில் பிளாக் நைட் நின்றால் அதன் மகரந்தமும் வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்திருக்கிறது. பெயரும் படமும் மட்டும் பழையபடியே இருக்கின்றன. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், சோம்பேறித்தனம் என்பேன். உங்களுக்குப் பாதி வெளிர்நீலம் வந்ததே நல்ல பாக்கெட் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:
தேனீ விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தப் பூவின் அமைப்பே கலப்புக்காகத்தான். நாம் நிறமென்று ரசிக்கும் ஐந்தும் புல்லி இதழ்கள். உண்மையான அல்லி இதழ்கள் நடுவில் சிறியதாக, வெள்ளையாகவோ கறுப்பாகவோ கொத்தாக நிற்கின்றன. தோட்டக்காரர்கள் அதைத்தான் கண் என்கிறார்கள். ஒவ்வொரு பூவிலும் முதலில் மகரந்தம் முதிர்ந்து உதிரும், அப்புறம்தான் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி தயாராகும். கதிர் கீழிருந்து மேலே விரிவதால் கீழே பெண் நிலைப் பூக்கள், மேலே ஆண் நிலைப் பூக்கள். தேனீ கீழே தொடங்கி மேலே ஏறும். உச்சியில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய் மறுபடியும் கீழே இறங்கும். அப்படியென்றால் ஒரு செடியின் மகரந்தம் பெரும்பாலும் அடுத்த செடிக்குத்தான் போய்ச் சேரும்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். நாம் வளர்க்கும் உயரமான தோட்ட வகைகளில், அதாவது எலாட்டம் என்ற இனத்திலிருந்து வந்த கலப்பினங்களில், மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் நான்கு செட். மொத்தம் 32. காட்டு டெல்ஃபினியங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு செட், 16 தான். எளிய உதாரணம் ஒன்று: நிறமி உண்டாக்கும் ஒரு ஜீன், அதன் வேலை செய்யாத வடிவம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாதது மட்டுமே இருந்தால் பூ வெள்ளை. இரண்டு செட் உள்ள செடியில் இரண்டும் பாதிப்பாதி இருந்து, அதைத் தன்னோடு தானே சேர்த்தால், அதன் விதையில் வரும் செடிகளில் நாலில் ஒன்று வெள்ளை. நான்கு செட் உள்ள செடியில் இரண்டுக்கு இரண்டு இருந்தால் 36-இல் ஒன்றுதான் வெள்ளை. அதாவது வெள்ளை உள்ளே இருப்பதே தெரியாமல் பல தலைமுறை நீலமாகவே பூக்கும், ஒருநாள் திடீரென்று எட்டிப்பார்க்கும். ஐயாவின் வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளை அப்படி வந்ததாக இருக்கலாம். நிறத்தை ஒரே ஜீன் தீர்மானிப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோவிக்வாசி:
வாத்தியாரே, இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நன்றி. போட்டோ போடலாம் என்று எடுத்தேன். கண்ணுக்கு நீலமாக இருப்பதும் போனில் ஊதாவாக விழுகிறது. போன் கோளாறா?

கோத்தகிரிக்காரன்:
இதற்காவது நான் பதில் சொல்கிறேன், கேமரா என் பக்கம். நீலப் பூக்கள் பலவும் சிவப்பின் கடைக்கோடியிலும் அதைத் தாண்டிய அகச்சிவப்பிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும். நம் கண் அதைக் கண்டுகொள்வதில்லை. பிலிம் காலத்திலேயே இது பெரிய தலைவலி. நீலப்பூ எடுத்தால் இளஞ்சிவப்பாக வரும். டிஜிட்டலிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, வெள்ளைச் சமநிலையைப் போன் தானாகத் தேர்ந்தெடுப்பதும் சேர்ந்துகொள்கிறது. மேகமூட்டமான காலையில், நிழலில் எடுத்துப் பாருங்கள். மாலையில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணுக்கே ஊதாவாகத்தான் தெரியும். ஆக, பாக்கெட் படத்தை வைத்தும் சண்டை போட முடியாது.

கதிர்ப்பைத்தியம்:
சரியாகச் சொன்னீர்கள். வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொட்டு உடையும்போது செம்மை கலந்த ஊதாவாக இருந்து, சில நாளில் நீலத்துக்குத் திரும்பும் செடிகள் உண்டு. கீழ்ப்பூவும் மேல்பூவும் ஒரே கதிரில் ஒரே நிறமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடும் வெயில் அடித்தால் நிறமே வெளுத்துவிடும். பிப்ரவரியில் இரண்டாம் முறை பூக்கும்போது நவம்பர் நிறத்தைவிடக் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் அக்கா (சாட்ஸ்வொர்த்):
நீங்கள் எல்லாம் நிறத்துக்கு அழுகிறீர்கள். எனக்கு டர்பனில் செடியே நிற்கவில்லை! ஒவ்வொரு வருஷமும் நர்சரியில் பூவோடு வாங்கி வருவேன், ஜனவரிப் புழுக்கத்தில் அடி அழுகிக் கிடக்கும். மிச்சத்தைக் குரங்கு பிய்த்துப் போடும். ஹடேடா பறவை மட்டும்தான் உதவி, நத்தையைத் தின்கிறது. ஆனால் நாற்றையும் கிளறிவிடுகிறது.

கதிர்ப்பைத்தியம்:
அக்கா, டர்பனுக்கு இது ஏற்ற செடி இல்லை. இரவும் சூடாக இருந்தால் அதற்கு ஆகாது. கடற்கரையில் லார்க்ஸ்பர் போடுங்கள். அது டெல்ஃபினியத்துக்கு நெருங்கிய சொந்தம், ஓராண்டுச் செடி. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ, வெயில் தணிந்ததும், நிற்கும் இடத்திலேயே நேராகத் தூவுங்கள். பிடுங்கி நட்டால் பிடிக்காது. உங்கள் மிதமான குளிர்காலம் அதற்குப் போதும். வசந்தத்தில் பூத்து, புழுக்கம் வருவதற்குள் கதையை முடித்துக்கொள்ளும். நீலம், வெள்ளை, ரோஜா என்று தனித்தனி நிறமாகவும் விதை கிடைக்கிறது. ரோஜா நிறம் வேண்டுமென்றால் லார்க்ஸ்பர்தான் உண்மையான ரோஜா. பெரிய டெல்ஃபினியத்தில் ரோஜா என்று விற்பதெல்லாம் ஊதா கலந்ததுதான்.

லெனேசியா அப்பா (லெனேசியா):
நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். அடுத்த வருஷம் நவம்பர் கடைசியில் மகள் கல்யாணம். மணமேடை முழுக்க நீலமும் வெள்ளையும் வேண்டுமாம். வீட்டிலேயே டெல்ஃபினியம் போட்டால் செலவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன். இங்கே உறைபனி உண்டு, குளிருக்குப் பஞ்சமில்லை. எந்த விதை போட்டால் நீலம் நிச்சயம்?

கதிர்ப்பைத்தியம்:
வாழ்த்துகள் ஐயா. கல்யாணத் தேதியை நம்பி விதை போடாதீர்கள். உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் நவம்பர் ஆலங்கட்டி ஒரே மாலையில் எல்லாக் கதிரையும் முறித்துவிடும், நிறம் பற்றிக் கவலைப்பட ஒன்றும் மிஞ்சாது. போட்டே தீர வேண்டும் என்றால் எஃப்1 விதை (தேர்ந்த இரண்டு பெற்றோரைச் சேர்த்த முதல் தலைமுறைக் கலப்பு) வாங்குங்கள், உதாரணமாகக் கார்டியன் வரிசை. நீலம், வெள்ளை, லாவெண்டர் என்று தனித்தனியாக வரும், உயரமும் ஒரே சீராக இருக்கும், முதல் வருஷமே பூக்கும். பசிபிக் ஜயண்ட் அளவுக்கு உயரமோ பருத்த கதிரோ இராது, ஆனால் சொன்ன நிறம் வரும். விலை உறைக்கும். மேடைக்குத் தேவையானதில் பெரும்பகுதியை ஜோகன்னஸ்பர்க் சிட்டி டீப் பூ ஏலச் சந்தைப் பக்கம் வாங்குகிற பூக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீட்டுச் செடியில் பூத்தது வாசல் அலங்காரத்துக்கு இருக்கட்டும்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
நான் கல்யாண மேடை அலங்காரத்துக்கு ஒத்தாசைக்குப் போகிறவள், அதனால் ஒன்று சொல்கிறேன். டெல்ஃபினியமும் லார்க்ஸ்பரும் பழத்தட்டுப் பக்கத்தில் வைத்தால் மறுநாள் காலை இதழெல்லாம் கீழே கிடக்கும். நம் கல்யாணத்தில் வாழைமரமும் குலையும் மாம்பழத் தட்டும் மேடையிலேயே இருக்கும். முந்தின இரவே பூவையும் பழத்தையும் ஒரே அறையில் பூட்டிவைத்துவிட்டு, பூக்கடைக்காரர் பழைய பூவைக் கொடுத்தார் என்று திட்டுவார்கள்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:
அக்கா சொல்வது முழுக்கச் சரி. பழுக்கும் பழம் எத்திலீன் வாயு விடும், டெல்ஃபினியம் அதற்கு மிகவும் பயந்த பூ. வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் வெட்டியதும் வெள்ளித் தயோசல்ஃபேட் கரைசலில் நிறுத்தி எடுப்பதும் அதனால்தான். இன்னொன்று: செடி முழுக்க நஞ்சு, விதையிலும் இளந்தளிரிலும் அதிகம். வட அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் காட்டு டெல்ஃபினியம் தின்று மாடுகள் சாவது பழைய பிரச்சினை. பிரசாதத் தட்டிலும் சாப்பாட்டு மேசையிலும் உதிர்ந்த இதழ் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோவிக்வாசி:
என் சுவருக்குத் திரும்பி வருகிறேன். எஃப்1 குட்டையாக இருக்கும் என்கிறீர்கள். எனக்கு ஆள் உயரமும் வேண்டும், வெளிர்நீலமும் வேண்டும். வழி உண்டா?

கதிர்ப்பைத்தியம்:
வழி உங்கள் பாத்தியிலேயே நிற்கிறது. பிடித்த நிறம் பூத்த செடிகளில் இன்றே கம்பளி நூல் கட்டிவிடுங்கள். பூ போனபிறகு இலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பூ முடிந்ததும் கதிரை வெட்டி, உரம் போட்டு, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். குளிர்காலத்தில் மேலே ஒன்றும் தெரியாது, அது சகஜம். ஆகஸ்ட் கடைசியில் அடியிலிருந்து புதுக் குருத்துகள் கிளம்பும். விரல் நீளம் வந்ததும் மண்ணை விலக்கி, கிழங்கை ஒட்டி, அடிக்கட்டையின் சின்னத் துணுக்கோடு சேர்த்து வெட்டி எடுங்கள். வெட்டிய அடி கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே குழலாக இருந்தால் வேர் விடாது, அழுகிவிடும். லேசான வெள்ளைத் துகளான பெர்லைட்டிலோ கூர்மணலிலோ நட்டு நிழலில் வையுங்கள். வேர் விட்டால் அது தாயின் அதே நிறம், சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தில் பெயர் சொல்லி விற்கும் உயர்ந்த ரகங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் பெருகுகின்றன.

புதிதாக விதையும் போட ஆசை என்றால், கையால் மகரந்தம் சேர்த்த விதையாகத் தேடுங்கள். நியூசிலாந்தில் டவுட்ஸ்வெல் என்ற குடும்பத் தோட்டத்தின் நியூ மில்லேனியம் வரிசை அப்படிப்பட்டது. அவர்களும் தென்கோளம் என்பதால் அறுவடை நம் இலையுதிர் கால விதைப்புக்குப் பொருந்தும். அதிலும் நூற்றுக்கு நூறு ஒரே சாயல் வராது, ஆனால் வீச்சு குறுகியது. இறக்குமதி விதிகளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெனேசியா அப்பா:
விதையை எப்படி வைத்திருப்பது? போன முறை வாங்கியதில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

கதிர்ப்பைத்தியம்:
சூடு பட்ட விதை முளைக்காது. கடை ஜன்னலில் வெயிலில் தொங்கும் பாக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். விதைத்த தட்டு 10 முதல் 18 டிகிரியில் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். பிப்ரவரியில் லெனேசியா பகல் சூட்டில் தட்டை வெளியே வைத்தால் விதை தூங்கிவிடும். மார்ச் கடைசி நல்லது. லோட் ஷெடிங் மின்வெட்டு மும்முரமாக இருந்த நாட்களில் விதை டப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினேன், என் வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:
நாற்றிலேயே கொஞ்சம் ஊகிக்கலாம். இலைக்காம்பின் அடியில் செம்பழுப்பு ஏறியிருந்தால் பெரும்பாலும் கரும் நிறம். காம்பு முழுக்க வெறும் பச்சையாக இருந்தால் வெள்ளைக்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் நிறமி உண்டாக்க முடியாத செடிக்குக் காம்பிலும் அது இருக்காது. வெளிர்நீலத்துக்கும் இளம் ஊதாவுக்கும் இடையில் இந்த வித்தை பலிக்காது.

கோத்தகிரிக்காரன்:
சிவப்பு டெல்ஃபினியம் உண்டா? ஒரு விதைத் தளத்தில் ரத்தச் சிவப்பாகப் படம் பார்த்தேன்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:
உண்டு, ஆனால் அது வேறு இனம். கலிஃபோர்னியாவின் நூடிகாலே, கார்டினாலே இரண்டும் சிவப்பு. அவற்றின் நிறமி பெலார்கோனிடின். நெதர்லாந்தில் வாஹனிங்கன் பல்கலைக்கழகத்தில் லெக்ரோ என்பவர் 1950களில் தொடங்கி, அவற்றின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி எலாட்டத்தோடு சேர்த்துச் சிவப்பு, ஆரஞ்சுக் கலப்பினங்களை உண்டாக்கினார். தளத்தில் நீங்கள் பார்த்த படம் கணினியில் சாயம் ஏற்றியதாகவும் இருக்கலாம். வானவில் நிறங்களில் டெல்ஃபினியம் விதை என்று விற்கும் யாரிடமும் வாங்காதீர்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
ஹோவிக்வாசி அண்ணே, அந்த மங்கிய ரோஜாவை என்ன செய்யப்போகிறீர்கள்?

ஹோவிக்வாசி:
பிடுங்கிவிடலாம் என்றிருக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறாள். சாயங்காலத்தில் அதுதான் அழகாம்.

கதிர்ப்பைத்தியம்:
எனக்கும் அந்த நிறம் பிடிக்காது, ஆனால் பூத்திருக்கும்போது எதையும் பிடுங்காதீர்கள். வெள்ளையும் கருநீலமும் சுவரோரம் நிற்கட்டும், அவை வெளிர்நீலத்தை எடுத்துக் காட்டும். ஊதாவையும் ரோஜாவையும் ஆகஸ்ட் கடைசியில் குருத்து தலைகாட்டும்போது மண்ணோடு தோண்டி வேறு பாத்திக்கு மாற்றுங்கள். அதே வாரம் நீலத்திலிருந்து கட்டிங் எடுத்தால் காலி இடத்துக்கு அடுத்த இலையுதிர் காலத்தில் செடி தயார். நான் அப்போது ஹோவிக் பக்கம் வருவேன். கத்தி எடுத்து வருகிறேன், நீங்கள் பெர்லைட் வாங்கி வையுங்கள். வெளிர்நீலத்தில் எனக்கும் இரண்டு குருத்து வேண்டும்.

ஹோவிக்வாசி:
தாராளமாக. கம்பளி நூல் கட்டியாயிற்று. நத்தைக்கு என்ன போடுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள், குருத்து வரும்போதே தின்றுவிடுகிறது.

கதிர்ப்பைத்தியம்:
இரும்புப் பாஸ்பேட் குருணை. நாய் இருந்தால் மெட்டால்டிஹைட் என்ற நத்தை விஷம் வேண்டவே வேண்டாம். ஜூலை கடைசியிலேயே தூவத் தொடங்குங்கள், குருத்தைப் பார்த்தபிறகு தூவினால் நத்தை முந்திக்கொள்ளும்.